பஞ்சு ஒத்துக்காத பிள்ளை

மத்தியானம் சோறு தின்ற கையின் ஈரம் காயும் முன்னே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிறவர்கள் என் வயதுப் பெண்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பஸ்ஸில் டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரி தோளில் சாய்கிறவர்களும் உண்டு. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பொறாமைதான். அல்லா உங்கள் கண்ணுக்கு அந்தச் சுகத்தைக் குறைக்காமல் வைக்கட்டும். ஆனாலும் பொறாமை பொறாமைதான். காதோரம் நரைத்துவிட்டது, பிள்ளைகள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள், இன்னும் அது போகவில்லை. அது யாரிடமிருந்து தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தங்கச்சியிடமிருந்து.

அப்போது நாங்கள் கம்பத்தில் இருந்தோம். தொண்ணூற்றெட்டு வாக்கில் எனக்குப் பத்து வயது, அவளுக்கு எட்டு. குமுளிக்குப் போகும் ஜீப்புகள் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு காலையில் விரையும் ரோட்டின் மேல் எங்கள் அத்தாவுக்கு மெத்தைக்கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் ஒரு கோணித் திரைதான். இலவங்காய் வெடிக்கிற காலத்தில் மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓட்டை உடைத்து, பஞ்சை எடுத்து, கம்பிவலைக்குள் போட்டுக் கோலால் அடிப்பார்கள். மிளகு மாதிரிக் கறுத்த விதை கீழே உதிரும். பஞ்சு மட்டும் உதிராது, பறக்கும். குழம்புச் சட்டியில், உப்பு மரவையில், அம்மாவின் தொழுகைப் பாயில், அத்தாவின் தாடியில் என்று அது இல்லாத இடமே கிடையாது. வெயிலில் காய்ந்த புதுப் பஞ்சுக்கு லேசாக எண்ணெய் வாடை கலந்த ஒரு வாசனை உண்டு. எங்கள் வீட்டு வாசனை என்றால் எனக்கு அதுதான்.

மெத்தைக்காரர் வீட்டில் பிறந்த எனக்குத் தூக்கம் வராது.

ஏழு வயதில் கண்ணில் தொடங்கியது. இமைக்குள்ளே கடுகு பொரிவது போல ஒரு ஊறல் வரும். அழுத்தி நாலு தடவை சிமிட்டினால்தான் அடங்கும். அப்புறம் தொண்டையில் வந்தது. ஒரு செருமல், 'க்ஹும், க்ஹும்' என்று. அதற்குப் பிறகு வலது தோள் தானாக வெட்டி இழுத்தது. ஓதுகிற இடத்தில் பிள்ளைகள் 'மின்மினி' என்று பெயர் வைத்தார்கள். ஓதிக் கொடுக்கிற அம்மா குர்ஆனுக்கு முன்னால் சேட்டை பண்ணுகிறேன் என்று தொடையில் கிள்ளுவார். பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் பகல் பூராவும் அடக்கி வைப்பேன். அடக்கியதெல்லாம் ராத்திரி படுத்ததும், பெரியாற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்ட மாதிரி ஒட்டுமொத்தமாக வரும். கண் சிமிட்டும், தோள் வெட்டும், தொண்டை செருமும். கட்டில் 'கிறீச் கிறீச்' என்று பேசும்.

அதே கட்டிலில் என் பக்கத்தில் தங்கச்சி படுப்பாள். படுப்பதற்கு ஓதுகிற துஆவை இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்குவோம். முடிக்கும்போது நான் மட்டும் இருப்பேன். அவள் வாய் பிளந்துவிடும், சுண்டுவிரல் மட்டும் லேசாகத் துள்ளும், வலது காலைத் தூக்கி என் இடுப்பின் மேல் போட்டுவிடுவாள். கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரித் தூக்கம். நான் அந்தக் காலின் பாரத்தைச் சுமந்துகொண்டு கூரை ஓடுகளைப் பார்த்துக் கிடப்பேன். அவள் திறந்த வாயைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அம்மா வந்து கசகசா அரைத்த பாலைக் குடிக்கக் கொடுப்பார். என் தலையைத் தடவி ஓதி ஊதுவார். கடைசியில் அம்மாவும் என் தலையில் வைத்த கையோடு தூங்கிப்போவார். அவர் மேலும் பொறாமை வரும்.

இதாவது பரவாயில்லை. அவள் தூக்கத்தை அத்தா கடையில் வைத்து வியாபாரம் பார்த்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணச் சீருக்கு மெத்தை வாங்க வருகிறவர்கள் லேசில் நம்ப மாட்டார்கள். ஒருநாள் ஓடைப்பட்டியிலிருந்து வந்த ஒரு திராட்சைத் தோட்டக்கார அம்மா மெத்தையைக் குத்திக் குத்திப் பார்த்தார்.

"ஏம் பாய், உள்ள பஞ்சுதானா? இல்ல, தையக்கடை வெட்டுத் துணியத் திணிச்சு வச்சிருக்கீகளா?"

அத்தா அப்போது கோணூசியால் விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவள் நான்தான். "ஆத்தா, இதுல செத்தப் படுத்துக் காட்டு" என்றார். நான் பெருமையாக ஏறிப் படுத்தேன். அசையக் கூடாது என்று நினைத்ததுதான் தாமதம், தோள் ரெண்டு வெட்டு வெட்டியது. கண் படபடத்தது. க்ஹும் என்றேன்.

அந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார். "என்ன பாய், புள்ள இந்த நெளி நெளியுது? மூட்டைப்பூச்சி கெடக்கா?"

அத்தா முகம் சுண்டிவிட்டது. உடனே தங்கச்சியைக் கூப்பிட்டார். அவள் கையில் பாதி முறுக்கோடு வந்தாள், படுத்தாள். அந்த அம்மா அடுத்த கேள்வி கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். முறுக்கு கையிலேயே இருந்தது.

"ஆத்தாடி!" என்றார் அந்த அம்மா. "இந்த மெத்தையவே குடுங்க பாய். இதேதான் வேணும்."

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் தங்கச்சிக்குக் கடையில் வேலை. படுப்பதுதான் வேலை. 'ராசியான புள்ள' என்று பெயர். அத்தா அவளுக்கு எதிர்த்த டீக்கடையில் தேங்காய் பன் வாங்கித் தருவார். தூங்கி எழுந்தவளுக்கு பன்! ராத்திரி பூராவும் முழித்துக் கிடந்தவளுக்கு ஒன்றுமில்லை. ஆள் வருகிற நேரத்தில் நான் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும். "மெத்தைக்கார பாய் மகளுக்கே தூக்கம் இல்லையாம்ல" என்று டீக்கடையில் ஒருவர் சொல்லிச் சிரித்தது அத்தாவின் காதில் விழுந்துவிட்டது. அத்தா திரும்பச் சிரிக்கவில்லை. அடுத்த நாளே கடையை மூடிவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

அந்த டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். "உங்களுக்கு என்ன தொழில்?" என்று அத்தாவைக் கேட்டார். அத்தா சொன்னார். அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பஞ்சுத் தூசி ஒத்துக்கலை. அதான் கண்ணு சிமிட்டுறா, தொண்டையச் செருமுறா. பஞ்சு இருக்கிற இடத்துல பிள்ளைய வச்சுக்காதீங்க."

எங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு வைத்தியம் சொல்லியிருக்க மாட்டார்கள். வீடு முழுக்கப் பஞ்சு. அப்படியானால் வீட்டை விட்டுப் போக வேண்டியது நான்தான். அத்தாவின் தம்பி மனைவியை நாங்கள் சாச்சி என்போம். அவர் வீடு வாய்க்கால் பக்கம் இருந்தது. பாயும் என் பாவாடை சட்டையும் போயின. அத்தா எனக்கென்றே நீலக் கோட்டுத் துணியில் தைத்துக் கொடுத்த சின்னத் தலையணையை நான் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அதைக் கையிலிருந்து மெல்லப் பிரித்தார்.

"அதுலயும் பஞ்சுதானம்மா இருக்கு. கண்ணு சிமிட்டுறது நிக்கட்டும். அன்னைக்கே அத்தா வந்து கூட்டியாந்துருவாக."

தலையணை தங்கச்சிக்குப் போனது. அவள் அதை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று எனக்கு டாட்டா காட்டினாள்.

கண் சிமிட்டுவது நின்றால் வீடு. எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். ஆகவே சாச்சி வீட்டில் காலையிலிருந்து கண்ணைத் திறந்தே வைத்துப் பார்த்தேன். கண்ணீர் வழியும். விரலால் இமையைப் பிடித்துப் பார்த்தேன். விட்டதும் முன்னைவிட வேகமாக அடிக்கும். சாச்சி நல்லவர்தான், வாய்தான் சும்மா இருக்காது. மடித்த பழைய சேலையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கோரைப் பாயில் புரள்வேன்.

"ஏண்டி, எலி உருட்டுற மாதிரி உருட்டுற? பஞ்சு ஒத்துக்கலையா, இல்ல சாச்சி வீடு ஒத்துக்கலையா?" என்பார். பதில் சொல்வதற்குள் குறட்டை வந்துவிடும். ஊரில் எல்லாருக்கும் தூக்கம் இருந்தது. வாய்க்கால் ஓரத்து எருமைக்குக்கூட இருந்தது.

அந்தி மஃரிபு தொழுதுவிட்டு அத்தா தினமும் என்னைப் பார்க்க வருவார். சைக்கிளின் முன்கம்பியில் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள். அவள் முடியில் பஞ்சு, அத்தாவின் சட்டையில் பஞ்சு, ரெண்டு பேரும் ஒரே மூட்டையிலிருந்து அவிழ்த்த மாதிரி இருப்பார்கள். நான் ஓடி வருவேன். அத்தா கையைக் காட்டி நிறுத்துவார். வாசலில் நின்று துண்டை உதறுவார். சட்டையைக் கழற்றி உதறுவார். தாடியைத் தட்டுவார். குழாயில் முகம் கழுவுவார். அதெல்லாம் முடிந்து வந்து உட்காரும்போது தங்கச்சி மடியில் ஏறியிருப்பாள். என்னோடு பேசும்போது அத்தா ஒரு கை தூரம் தள்ளித்தான் இருப்பார். "சாப்புட்டியாம்மா? ஓதுனியாம்மா?" என்பார். நான் கண்ணைச் சிமிட்டுவேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார். அவளுக்கு உதறாத அத்தா, எனக்கு உதறின அத்தா. இந்தக் கணக்கைத்தான் நான் மனதில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு இஷா தொழுகைக்குப் பிறகு இரண்டு கையையும் ஏந்திக் கேட்டேன். "யா அல்லா, அவகிட்ட நெறையா இருக்கு. அதுல பாதிய எடுத்து எனக்குக் குடு." சின்னப் பிள்ளை துஆ. சாச்சி பின்னாலிருந்து, "என்னத்தடி அம்புட்டு நேரம் கேக்குற?" என்றார். "பரிச்சைக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு பார்த்தால், தங்கச்சிக்குத் தூக்கம் கூடியது மாதிரித்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையிலேயே படுத்துக் கிடக்கிறாள் என்று சாச்சி வந்து சொன்னார். என் துஆ திசை மாறிப் போய்விட்டதோ என்று எரிச்சல்பட்டேன்.

கூடலூரிலிருந்து பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குச் சீர் மெத்தை பார்க்க ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மூன்று மெத்தை, தலையணை, திண்டு என்று ஒரு கடைக்கு அந்த வருஷமே போதும் என்கிற வேலை. அன்று பள்ளிக்கூடம் லீவு. சாச்சி எங்கள் கடைக்கு எதிரில் தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்க வந்தார். நானும் கூட வந்தேன். கடைக்குள் போகக் கூடாது என்பதால் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

அங்கே தங்கச்சியைப் புது மெத்தையில் ஏற்றியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அத்தா ரெண்டு கையையும் விரித்து, "பாத்துக்கோங்க" என்கிற மாதிரி நின்றார். எனக்கு ஒன்று பட்டது. வாய் பிளக்கவில்லை. சுண்டுவிரல் துள்ளவில்லை. இமை நடுங்கியது. அவள் தூக்கத்தை என்னை மாதிரிப் பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. இவள் தூங்கவில்லை.

கல்யாணப் பெண்ணின் பெரியம்மா ஒருவர், வாயில் வெற்றிலை, நல்ல பருமன். குனிந்து பார்த்தார்.

"ஏ பாய், என்ன எங்கள ஏச்சுப்புடலாம்னு பாக்குறீகளா? தூங்குற புள்ளைக்குக் கண்ணு இப்படியா துடிக்கும்?" என்று சொல்லி, அவள் உள்ளங்காலில் விரலை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினார்.

தங்கச்சி எழுந்து உட்கார்ந்து 'ஓ'வென்று அழுதாள். அந்த அழுகை ரோட்டைத் தாண்டி வந்தது.

"தூக்கம் வரலத்தா. நெசமா வரல. ராத்திரியும் வரல."

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா ஓடி வந்தார். "அல்லாவே, இவளுக்கும் ஒட்டிக்கிச்சா!"

துஆ திசை மாறவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. பாதி கேட்டேன், அல்லா முழுவதையும் எடுத்துவிட்டான். எனக்கும் தரவில்லை. நான் ரோட்டின் ஓரத்தில் நின்று கண்ணை மின்மினி மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒட்டல்லாம் இல்லம்மா" என்று தங்கச்சி விக்கினாள். "அக்கா இல்ல. அக்கா இருந்தா கட்டில் ஆடும். இப்ப ஆடவே மாட்டேங்குது."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வெற்றிலைப் பெரியம்மாதான், "என்ன ஆடும்?" என்று கேட்டார்.

"அக்கா இப்படி இப்படி வெட்டுவால்ல. தொட்டில் மாதிரி ஆடும். க்ஹும் க்ஹும்ங்கும். நாங் கால மேல போட்டுக்குவேன். தூங்கிருவேன்." அப்புறம் இன்னும் சத்தமாக அழுதாள். "அவ தலகாணி மேல காலப் போட்டுப் பாத்தேன். அது ஆடல."

பெரியம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு தெறித்தது. கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தார். நான் நிற்பது அவருக்கு முன்பே தெரியும் போல.

"ஆத்தா, இங்கன வா."

"பஞ்சுங்க…" என்றார் அம்மா.

"இருக்கட்டும். வரட்டும்."

போனேன். மெத்தையில் ஏறினேன். தங்கச்சி மூக்கை என் தோளில் துடைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள், காலைத் தூக்கி இடுப்பில் போட்டாள். எனக்கு வழக்கம் போல எல்லாம் வந்தது. கண், தோள், தொண்டை. அன்றைக்கு நான் அடக்கவே இல்லை. ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது மறைவதற்குள் அவள் வாய் பிளந்துவிட்டது. சுண்டுவிரல் துள்ளியது.

"என்னா தூக்கம் தூங்குது பாரு, தங்கம்!" என்றார் பெரியம்மா.

கேட்டீர்களா? தொட்டில் நான். பெயர் அவளுக்கு. மூன்று மெத்தைக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தா ஒரே ஒரு பன் வாங்கி வந்து, அவள் எழுந்ததும் கொடு என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மாதான் அதில் பாதியைப் பிய்த்து என் வாயில் வைத்தார்.

அன்று சாயங்காலம் என் பாயும் துணியும் வீட்டுக்கு வந்தன. நீலக் கோட்டுத் தலையணை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அதில் பஞ்சு என்று பரணில் போட்டார்கள், அப்புறம் எலி கொண்டுபோனது. அத்தா பஞ்சடிப்பதைப் பின்கட்டிலிருந்து எடுத்து ஊர்க்கோடியில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றினார். அங்கிருந்து வந்தால் என் பக்கம் வரும் முன்னே வாசலில் நின்று உதறுவார். எனக்குக் கல்யாணம் ஆகும் வரை, ஏன், ஆன பிறகும், துண்டு, சட்டை, தாடி, குழாய் எல்லாம் முடிந்துதான் வருவார். தங்கச்சியிடம் அப்படியே போவார். வருஷக்கணக்கில் அதைப் பார்த்தேன். நான் இருந்தால் அத்தாவுக்கு ஒரு கூச்சம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்த அழுத்தம் பார்த்தவர் என் கண்ணையும் தோளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல தூக்கம் எப்படிம்மா?" என்றார். என்னிடம் அதை அப்படி யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சுக்கதையைச் சொன்னேன்.

"பஞ்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. நரம்பு பண்ற வேலை இது. நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கு. இது இருந்தா தூக்கமும் கெடும். திட்டத் திட்டக் கூடும்." இங்கிலீஷில் ஒரு பெயரும் சொன்னார். பஸ் சின்னமனூர் தாண்டுவதற்குள் மறந்துவிட்டேன்.

நேரே அம்மா வீட்டுக்குத்தான் போனேன். தங்கச்சி கூடலூரிலிருந்து வந்திருந்தாள். அந்த வெற்றிலைப் பெரியம்மா கைகாட்டிய ஒரு பாய் வீட்டிலேயே அவளுக்குச் சம்பந்தம் அமைந்தது தனிக்கதை. நான் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லத் தொடங்கும்போது 'உம்' கொட்டினாள். நடுவில் 'உம்' நின்றுவிட்டது. பார்த்தால் பாயில் வாய் பிளந்து கிடக்கிறாள். அம்மா உள்ளே தொழுகைக்கு ஒளுச் செய்துகொண்டிருந்தார். மீதிக்கதையை அத்தாவிடம் மட்டும் சொன்னேன்.

அத்தா தன் கையைப் பார்த்தார்.

"அப்ப பஞ்சு இல்லையா?"

"இல்லையாம்த்தா."

"இம்புட்டு வருசமா, என் தொழில்தாம்மா உன் தூக்கத்தத் தின்னுருச்சுன்னு நெனச்சேன். ஒன்னத் தூக்கணும்னு வருவேன். இந்தப் பஞ்சோட எப்புடித் தொட? உதறிப்புட்டு வாரதுக்குள்ள அவ ஏறி ஒக்காந்துக்குவா."

எனக்குத் தொண்டை செருமியது. அது வழக்கமான செருமல் இல்லை.

அசர் தொழுகைக்கு முன்னால் கொட்டகைக்குப் போய் ஆட்களுக்கு ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். தாடி, புருவம், சட்டை முழுக்கப் பஞ்சு. வாசலில் கால் தானாக நின்றது. துண்டைக் கையில் எடுத்தார். உதறப் போனவர் என்னைப் பார்த்தார். துண்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நேரே வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தலையில் கையை வைத்தார். அந்த எண்ணெய் வாடை. ஒரு இழைப் பஞ்சு என் இமையில் வந்து உட்கார்ந்தது. சிமிட்டினேன். அத்தா வேறு பக்கம் பார்க்கவில்லை.

பக்கத்தில் தங்கச்சி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுப்பவில்லை. அத்தா மவுத்தாகி மண்ணுக்குள் போய் இத்தனை வருஷம் கழித்தும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவள்தான் தூங்கினாளே. அல்ஹம்துலில்லாஹ், நான் முழித்திருந்தேன்.